ஊருக்கு ஒரு லெகோ நகரம்

லெகோ நிறுவனத்தின் ‘இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்’ என்ற பெட்டியில் 4,014 கட்டைகள் இருக்கின்றன. 2023 டிசம்பரில் அது கடைக்கு வந்தபோது அமெரிக்காவில் விலை 300 டாலர். நம் நாட்டிலும் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஜெலுபு மாவட்டத்துக் கோலா கிளாவாங் வட்டாரத் தோட்டத்தில் அந்தச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் தம் பிள்ளைக்கு இந்த ஒரே கட்டடத்தை வாங்கித் தர நினைத்தால், பாதி மாதத்துக்கு மேல் உழைத்த காசு அதற்கே போய்விடும். நகரம் என்றால் ஒரு கட்டடம் போதாது, ஏழெட்டாவது வேண்டும். ‘இதெல்லாம் காசுக்காரர் வீட்டுச் சமாச்சாரம்’ என்று ஒதுக்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம் போலத் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கு சொல்வது, இதை ஒரு குடும்பம் தனியாக வாங்குவது கட்டாது என்பதை மட்டும்தான். ஊர் சேர்ந்து வாங்கலாமா என்பது வேறு கேள்வி. வாங்கலாம், வாங்க வேண்டும், வாங்கியபின் பெட்டிக்காரன் தந்த ஊரோடு நிற்காமல் நம் ஊரையும் கட்ட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

முதலில் பொருள் என்ன என்று பார்ப்போம். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஒலே கிர்க் கிறிஸ்தியான்சன் என்ற தச்சர் 1932இல் மர பொம்மை செய்யத் தொடங்கியதில் பிறந்தது லெகோ. இன்று நாம் காணும் குமிழ் வைத்த கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த நாள் 1958 ஜனவரி 28. அந்த ஆண்டு வார்த்த கட்டை இன்று வாங்கும் கட்டையோடு அப்படியே பொருந்தும். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர் என்ற அளவு மாறவே இல்லை. எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 915,103,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணினியின் துணையோடு எண்ணிச் சொன்னார். ஆறுக்கே இவ்வளவு என்றால் ஆறாயிரத்துக்கு எவ்வளவு என்று கேட்பதில் பொருளில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நகரம் என்பது லெகோவுக்குப் பிற்காலத்தில் தோன்றிய ஆடம்பரம் அன்று. 1955இல் தன் ‘விளையாட்டு முறை’யை அறிமுகப்படுத்தியபோதே அந்நிறுவனம் தெருக்களும் வீடுகளும் வாகனங்களும் கொண்ட ஒரு ‘நகரத் திட்ட’த்தோடுதான் வந்தது. தனிக் கட்டடம் செய்து முடித்த பொருளாக நின்றுவிடும். நகரம் முடிவதே இல்லை, பக்கத்தில் எப்போதும் இன்னொரு மனைக்கு இடம் இருக்கும் என்பதை அவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள்.

பெரிய நகரத் தொகுப்பின் அழகு மேசைக்கு அருகில் குனிந்து பார்த்தால்தான் தெரியும். 2007இல் ‘முனை காப்பிக்கடை’யோடு தொடங்கிய அடுக்குக் கட்டட வரிசையில் பெரும்பாலான மனைகள் 32க்கு 32 குமிழ் கொண்ட பலகையின் மேல், ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் சதுரத்தில் எழும். பக்கத்துப் பலகையோடு சிறு முளைகளால் கோத்துவிட்டால் நடைபாதை தொடர்ந்து ஓடும். மாடிகளைத் தனித்தனியாகத் தூக்கி எடுக்கலாம். உள்ளே நாற்காலி, அடுப்பு, படிக்கட்டு, நான்கு சென்டிமீட்டர் உயர மனிதர். சுவர் எழுப்பும்போதே பாடம் தொடங்கிவிடும். கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கிய சுவர் நகத்தால் நெம்பினாலே தனித்தனித் தூண்களாகப் பிரிந்துவிடும். மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் மாற்றி வைத்தால் நிற்கும். ஒரு கொத்தனார் பல ஆண்டுகளாகக் கையில் வைத்திருக்கும் அறிவு இது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது ஒரு பிற்பகலில், யாரும் சொல்லித் தராமல் வந்து சேர்கிறது. அடுத்துத் தெரு. சாலையை அகலமாக விட்டால் கடைக்கு இடமில்லை. கடையைப் பெரிதாக்கினால் பேருந்து திரும்ப இடமில்லை. இருவர் சேர்ந்து கட்டினால் இந்தச் சிக்கலைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். நகராண்மைக் கழகக் கூட்டத்தில் பெரியவர்கள் வாதாடுவதும் இதைப் பற்றித்தானே.

‘இது நம் விளையாட்டு இல்லையே’ என்பார் சிலர். கட்டைதான் டென்மார்க்கிலிருந்து வந்தது. ஆசை இங்கேயே இருந்தது. மணலில் சிறுவீடு கட்டுவதற்குத் தமிழ் ‘சிற்றில்’ என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களில் ஒன்று அதன் பெயராலேயே அமைந்தது: சிறுமியர் கட்டிய மணல் வீட்டைக் காலால் அழிக்க வராதே என்று பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையைக் கெஞ்சுவது. நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் மண் பரப்பி, கேழ்வரகு முளைக்க விட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, பூங்காவும் தெப்பமும் செட்டியார் கடையும் அமைப்பதை வேறென்ன சொல்வது? வளர்ந்தவர்கள் பொம்மையோடு பத்து நாள் விளையாட நம் பண்பாடு பக்தியின் பெயரால் தந்த அனுமதிச் சீட்டு அது. 2020இலிருந்து லெகோ தன் பெரிய பெட்டிகளில் ‘18+’ என்று அச்சிடுவதைக் கண்டு சிரிப்பவர்கள், கொலு வைக்கும் வீட்டில் படியைத் தொடப் பிள்ளைகளுக்கே அனுமதி இல்லாததை நினைத்துப் பார்க்கலாம். தோட்டப்புறத்திலும் குறைவில்லை. ரப்பர் கொட்டையில் ஓட்டை போட்டுக் குச்சி செருகிப் பிள்ளைகள் சுழலவிட்டார்கள். காலி பால் டின்னில் சக்கரம் மாட்டி வண்டியாக்கினார்கள். இல்லாத பொருளை இருப்பதிலிருந்து செய்யும் கை அந்தப் பிள்ளைகளிடம் இருந்தது. அந்தக் கைக்கு நல்ல கட்டை கிடைக்கவில்லை, அவ்வளவே.

படிப்புக்கு உதவுமா என்பது நம் பெற்றோரின் முதல் கேள்வி. மிகைப்படுத்தாமல் பதில் சொல்ல வேண்டும். பாலர் வயதில் கட்டை அடுக்கிய 37 பிள்ளைகளைப் பள்ளி முடியும்வரை பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்று 2001இல் வெளியானது. மூன்றாம், ஐந்தாம் வகுப்புகளில் அவர்களுடைய கட்டை விளையாட்டுத் திறனுக்கும் கணக்கு மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தென்படவில்லை. ஏழாம் வகுப்பிலிருந்து தென்பட்டது. சிறு கூட்டம்தான், கட்டைதான் காரணம் என்று அதைக் கொண்டு அறுதியிட முடியாது. ஆனால் தொடக்கப்பள்ளித் தேர்வு மதிப்பெண்ணை வைத்தே விளையாட்டை அளப்பவர்களுக்கு அதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: சில பயிர் தாமதமாகத்தான் விளையும். இதற்கு எதிரான சான்றையும் மறைக்கக் கூடாது. மோரோ, எங்கெசெட் என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட சோதனைகளில், கையேட்டைப் பார்த்துப் படிப்படியாக லெகோ கட்டியவர்கள், இஷ்டப்படி கட்டியவர்களைவிட அடுத்து வந்த கற்பனை வேலையில் பின்தங்கினார்கள். ‘படம் பார்த்து ஒட்டுவதில் என்ன படைப்பாற்றல்’ என்று கேட்பவர்களின் பக்கம் நியாயம் உண்டு என்று பொருள். அதற்காகக் கையேட்டை எறிந்துவிட வேண்டியதில்லை. புள்ளிக்கோலத்தை அம்மா போட்டபடியே போட்டுப் பழகிய பிறகுதான் கை சொந்தமாக இழுக்கிறது. முதல் தடவை கையேட்டின்படி கட்டட்டும். வளைவு எப்படி நிற்கிறது, கூரை எப்படிச் சாய்கிறது என்ற நுணுக்கம் கைக்கு வரட்டும். பிறகு பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டினால் அந்த ஆய்வு சொன்ன குறைதான் மிஞ்சும்.

பிரித்தபின் என்ன கட்டுவது? இங்கேதான் கோலா கிளாவாங் வருகிறது. பெட்டிகளில் வரும் நகரத்தில் போலீஸ் நிலையம் உண்டு, தீயணைப்பு நிலையம் உண்டு, ஐரோப்பியச் சதுக்கம் உண்டு. தாஜ்மஹாலும் 2008இல் 5,922 கட்டைகளோடு வந்தது. ஜொகூரில் 2012 செப்டம்பர் 15இல் திறந்த லெகோலேண்டின் சிற்றுலகில் இரட்டைக் கோபுரம் முதலான ஆசியப் புகழ்ச்சின்னங்கள் லட்சக்கணக்கான கட்டைகளால் எழுந்து நிற்கின்றன. பெரியவற்றை மற்றவர்கள் கட்டிவிட்டார்கள். ஜெலுபு மாவட்டத்தின் தலைமைப் பட்டணமான இந்த ஊரை யாரும் பெட்டியில் போட்டு விற்கப் போவதில்லை. சிரம்பானிலிருந்து புக்கிட் தங்காவின் வளைவுகளில் ஏறி இறங்கும் சடக்கு, ஐந்தடி நடைபாதையோடு நிற்கும் பழைய கடை வரிசை, அடாட் அருங்காட்சியகம் இவற்றையெல்லாம் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள், அளந்து பார்த்ததில்லை. அளவெடுத்துக் கட்டும்போதுதான் ஐந்தடி நடைபாதை மழைக்கும் வெயிலுக்கும் எவ்வளவு யோசித்துப் போட்ட திட்டம் என்று புரியும். அதைவிட முக்கியம் தோட்டம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், கிராணி ஆபீஸ், பால் ஸ்டோர், புகை வீடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை, மேட்டில் துரை பங்களா, கீழே மாரியம்மன் கோயில் என்று மலாயாத் தோட்டங்கள் ஒரே வார்ப்பில் வார்த்த சிற்றூர்கள். அந்த அமைப்பே ஒரு சமூகப் பாடம்: பங்களா ஏன் மேட்டில் இருந்தது, லயம் ஏன் ஒட்டி ஒட்டி இருந்தது? ரப்பர் செம்பனையாகவும் செம்பனை வீடமைப்புப் பகுதியாகவும் மாறிய இடங்களில் இவை தடம் தெரியாமல் போய்விட்டன. இன்று எழுபது வயதைத் தாண்டிய தாத்தா பாட்டிகளின் நினைவில்தான் அந்த வரைபடம் இருக்கிறது. மேசைமேல் பாதி கட்டிய லயத்தைப் பார்த்தால் எந்தப் பாட்டியும் சும்மா இருக்க மாட்டார். ‘குழாயடி இந்தப் பக்கம்டா, அங்க இல்ல’ என்று கை வைத்துவிடுவார். பேட்டி எடுக்கப் போனால் வராத செய்தி அப்போது வரும்.

நெகிழிப் பொருளை ஊருக்குள் கொண்டுவரலாமா என்ற மறுப்பு கனமானது. 1997 பிப்ரவரி 13இல் ‘டோக்கியோ எக்ஸ்பிரஸ்’ கப்பலைப் பேரலை அடித்து இங்கிலாந்தின் கார்ன்வால் கடலில் ஏறத்தாழ 48 லட்சம் லெகோ துண்டுகள் கொட்டின. கால் நூற்றாண்டு கடந்தும் அவை கரை ஒதுங்குகின்றன. ஒரு கட்டை கடலில் நூறு முதல் 1,300 ஆண்டு வரை தாக்குப்பிடிக்கலாம் என்று பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு 2020இல் மதிப்பிட்டது. குப்பையாகப் போனால் இது பெருங்கேடு. ஆனால் அதே ஆயுள்தான் ஒரு பொருளைப் பொதுச்சொத்தாக வைத்துக்கொள்ளச் சிறந்த காரணமும். ஒரு பிறந்தநாளுக்கு வாங்கி மறுமாதம் உடையும் மலிவு பொம்மைதான் குப்பையைப் பெருக்குகிறது. பத்துத் தலைமுறை மாணவர் கை மாறியும் தேயாத கட்டை குப்பைக்குப் போக வேண்டியதே இல்லை. விலைக்கும் வழி உண்டு. கட்டையின் அடிப்படைக் காப்புரிமை காலாவதியாகி வெகுநாளாயிற்று. அதன் வடிவத்தை வணிகச் சின்னமாகப் பதிந்து காக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றமும் 2010 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அதனால் ஒத்துப் பொருந்தும் பிற நிறுவனக் கட்டைகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. தரம் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். பழைய கட்டைகளையும் கழுவி எடுத்தால் புதிதுக்குக் குறைவில்லை. கைப்பேசியிலேயே நகரம் கட்டும் ஆட்டம் இருக்கிறதே என்றால், அங்கே சுவர் சரிவதில்லை, இரண்டு பிள்ளைகள் ஒரே கட்டைக்குக் கை நீட்டுவதில்லை, பாட்டி வந்து குழாயடியைத் திருத்துவதும் இல்லை.

‘பொதுச்சொத்தை யார் காப்பது, துண்டு தொலைந்தால் யார் பொறுப்பு’ என்ற கடைசிக் கேள்விக்கு, இதைவிடப் பெரிய பொதுச்சொத்தை இந்தச் சமூகம் நடத்திக் காட்டியிருக்கிறது என்பதே பதில். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிச் சேர்ந்து தோட்டங்களையே வாங்கினார்கள். தனி ஆளால் ஒரு மரத்தைக்கூட வாங்க முடியாதவர்கள் ஒன்றுகூடி நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். ஒரு தமிழ்ப்பள்ளியின் நாற்பது குடும்பங்கள் அதே பத்து வெள்ளியை, அதாவது பத்து ரிங்கிட்டை, மாதந்தோறும் நான்கு மாதம் போட்டால் 1,600 ரிங்கிட் சேரும். ஒரு பெரிய பெட்டியும், உதிரிக் கட்டைகள் கொஞ்சமும் வாங்க அது போதும். ஆண்டுக்கு ஒரு முறை அப்படிச் சேர்த்தால் ஏழெட்டு ஆண்டில் ஒரு நகரம். வைப்பதற்கு வகுப்பறை மூலையோ, கோயில் மண்டபமோ, ஊர் நூலகமோ ஒரு நீள மேசை தந்தால் போதும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதை எழுந்து சொல்லுங்கள். முதல் பலகையில் லயத்தைக் கட்டுங்கள். இரட்டைக் கோபுரம் பிறகு வரட்டும்.