டைப்ஸ்ட் எதுக்குன்னு கேக்கிற நாட்டாமைகளுக்கு

"லேட்டெக் இருக்கு, எச்டிஎம்எல் இருக்கு, வேர்டு இருக்கு. பாண்டாக்ல இன்னொரு வெளியீட்டு வடிவம் எதுக்குய்யா?"ன்னு கேக்கிறாங்க பாருங்க, அவங்க யாரும் தமிழ்ல ரெண்டு பக்கம் எழுதிப் பிடிஎஃப் ஆக்கிப் பார்த்ததில்லைன்னு அடிச்சுச் சொல்வேன்.

மார்க்டவுன்ல எழுதின தமிழ்க் கோப்பைக் குடுத்துப் பிடிஎஃப் கேட்டா, பாண்டாக் வழக்கமா பிடிஎஃப்லேட்டெக்கைத்தான் கூப்பிடும். அது முதல் தமிழ் எழுத்துலயே 'எனக்கு இது தெரியாது'ன்னு படுத்துடும். சரின்னு ஸீலேட்டெக்குக்கு மாறினா, எழுத்துரு பேரைச் சொல்லாத பாவத்துக்குத் தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் காலி. எல்லாத்தையும் சரிபண்றதுக்குள்ள பல ஜிபி டெக் லைவ் வந்து உக்காந்திருக்கும். இதுதான் "ஏற்கெனவே இருக்கே"ங்கிறதோட லட்சணம்.

டைப்ஸ்ட் எல்லாருக்கும் திறந்தது 2023 மார்ச். அதே மாசம் வந்த பாண்டாக் 3.1.2லயே அது சேர்ந்தாச்சு. ஒரே ஒரு நிரல்தான். கணினியில தமிழ் எழுத்துரு எது இருந்தாலும் தானே தேடி எடுத்துக்கும். கொம்பும் காலும் இருக்க வேண்டிய இடத்துல இருக்கும்.

அடுத்த கோஷ்டி இன்னும் மோசம். "நாலு தேடி-மாத்து போட்டா முடிஞ்சது, இதுக்கு ஒரு பெரிய நிரலா?" போட்டுப் பாருங்க சாமி. மார்க்டவுன்ல ஒத்தை நட்சத்திரம் போட்டா சாய்வெழுத்து, டைப்ஸ்ட்ல அதே ஒத்தை நட்சத்திரம் தடித்த எழுத்து. மார்க்டவுன்ல ஹாஷ் போட்டா தலைப்பு. டைப்ஸ்ட்ல தலைப்புக்குச் சமக்குறி, ஹாஷ் போட்டா நிரல் ஆரம்பிச்சுடும். மின்னஞ்சல் முகவரியில வர்ற @ குறி அங்கே மேற்கோள் சுட்டி. டாலர் விலை எழுதினா கணிதச் சூத்திரம் :-) இதையெல்லாம் இடம் பார்த்துத் தப்பிக்க வைக்கிறதுதான் அந்தப் 'பெரிய நிரலோட' வேலையில பாதி.

பாண்டாக்கை 2006ல ஆரம்பிச்ச ஜான் மெக்ஃபார்லேன், பெர்க்லியில தத்துவப் பேராசிரியர். உள்ளே எது வந்தாலும் அதை முதல்ல பத்தி, தலைப்பு, அட்டவணை, அடிக்குறிப்புன்னு கிளைவிட்ட மரமா ஆக்கிடணும். வெளியே போறது அந்த மரத்துலேருந்துதான் போகணும். அமைப்பு இவ்வளவுதான். பத்து உள்ளீடு, பத்து வெளியீடுன்னா நேரடியா மாத்த நூறு நிரல் வேணும், மரம் வழியாப் போனா இருபது போதும். டைப்ஸ்டுக்கு ஒருத்தர் எழுதினது மார்க்டவுனுக்கு மட்டுமில்லை, வேர்டு கோப்புக்கும் விக்கிப் பக்கத்துக்கும் சேர்த்துத்தான். இதைப் போய் வெட்டி வேலைங்கிறாங்க.

பராமரிப்பு யார் பண்றதுன்னு கேட்டா, அது நியாயமான கேள்வி. வடிவம் மாற மாற எழுதின நிரலும் மாறணும். 2024 மார்ச்ல டைப்ஸ்ட் 0.11 வந்தப்போ அட்டவணையில கட்டங்களைச் சேர்க்கிற வசதி வந்தது. அதைப் பாண்டாக் பக்கமும் யாராவது உக்காந்து எழுதித்தான் ஆகணும். அதனால கேக்கிற வடிவத்தையெல்லாம் உள்ளே சேர்க்கச் சொல்லலை. உங்க ஆபீஸ்ல மட்டும் புழங்குற எக்ஸ்எம்எல்லா? லுவாவுல நீங்களே எழுதி, அந்தக் கோப்புப் பேரைக் கட்டளையில குடுத்தாப் போதும், ஹாஸ்கெல் பக்கமே போக வேண்டாம். இருக்கிற வடிவங்கள்ல ஒரு மொழிக்காரன் படுற பாட்டைக் குறைக்குதுன்னா, அது உள்ளேயே இருக்கட்டும்.