பரீட்சையில் தேறாத கண்ணாடி

கண்ணாடி என்றால் ஒளியைத் தடையின்றி விடும் பொருள் என்று நாம் எண்ணியிருக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பற்றிய மட்டில் அது சரிதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கிரணங்களின் விஷயம் வேறு. உலகத்தின் டெலிபோன் பேச்சையெல்லாம் சுமக்கும் இழைகள் மணலின் சாரமாகிய ஸிலிகாக் கண்ணாடியால் ஆனவை. ஒளியின் அலை நீளம் 2 மைக்ரானைத் தாண்டியதும் அந்த இழைகள் மங்கத் தொடங்குகின்றன. 3 மைக்ரானுக்கு அவை வெறும் சுவர்தான். ஸிலிகாவில் உள்ள லேசான அணுக்கள் அதிரும்போது அக்கிரணங்களை விழுங்கிவிடுவதே காரணம்.

1974-ம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து ரென் சர்வகலாசாலையில் பூலேன் சகோதரர்களும் ழாக் லூக்காவும் புதிய ஸ்படிகங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்ததோ ஸ்படிகமல்ல, கண்ணாடி! வேண்டாத சரக்கென்று அவர்கள் அதை எறிந்துவிடவில்லை. ஸிர்கோனியம் என்னும் கனத்த உலோகத்தின் புளோரைடு அதில் பிரதானம். கனத்த அணுக்கள் நிதானமாக அதிர்வதால், 4 மைக்ரான் வரையில் அக்கண்ணாடி ஒளிக்கு வழி விடுகிறது. பேரியம், லாந்தனம், அலுமினியம், ஸோடியம் ஆகியவற்றின் புளோரைடுகளும் சேர்ந்த கலவைக்கு 'ஸிப்ளான்' என்று பெயர்.

டெலிபோனுக்கு ஸிலிகாவை விட இதுவே மேல் என்று கணக்கு சொல்லிற்று, காரியத்தில் பலிக்கவில்லை. இழையாக இழுக்கும்போதே உள்ளே சிறு ஸ்படிகங்கள் முளைத்து ஒளியைச் சிதறடித்தன. பரீட்சையில் கண்ணாடி தோற்றது.

ஆனால் இவ்விழையில் எர்பியம் என்னும் அருமண் உலோகத்தைச் சிறிது கலந்தால், 2.8 மைக்ரான் அளவில் லேசர் ஒளி பிறக்கிறது. இக்கிரணத்தைத் தண்ணீர் வெகு ஆவலுடன் உறிஞ்சும். நம் உடல் தசையில் பெரும் பகுதி தண்ணீரே அல்லவா? ஆகவே கிரணம் ஆழப் பாயாமல் மேற்பரப்பிலேயே நின்று நுட்பமாக அறுக்கும்; பக்கத்துத் தசை அதிகம் வேகாது. வைத்திய நிபுணர்கள் இதில் நாட்டம் கொண்டிருப்பது இதனால்தான்.

வேடிக்கை என்னவென்றால், இழைக்கும் அதே தண்ணீர்தான் எமன். காற்றின் ஈரம் இழை நுனியில் ஊறினால், தன் ஒளியாலேயே நுனி வெந்து போகும். ஆகையால் ஈரம் தாங்கும் வேறு கண்ணாடியால் அதற்குத் தொப்பி போடுகிறார்கள்.

ஒரு பரீட்சையில் தவறியதை உதவாக்கரை என்று தள்ளுவது சுலபம். எந்த வேலைக்குப் பிறந்தது என்று பொறுமையுடன் பார்ப்பதே விஞ்ஞானம். நம் வீட்டுப் பிள்ளைகள் விஷயத்திலும் இந்தப் பொறுமையை நேயர்கள் கைக்கொண்டால் நஷ்டம் ஒன்றும் வராது.