‘பொன்னியின் செல்வன்’ வசனகர்த்தா எழுதிய யானைக் கதை: நீலகிரி இன்றும் ஏன் படிக்க வேண்டும்?

‘பொன்னியின் செல்வன்’, ‘விடுதலை’, ‘வெந்து தணிந்தது காடு’ படங்களின் டைட்டிலில் வந்த பெயர் ஜெயமோகன். ஆனா, நீலகிரிக்காரர்களுக்கு ரொம்ப நெருக்கமான அவரது எழுத்து சினிமா அல்ல. ஒரு பீர் பாட்டில் பற்றிய சிறுகதை!

யார் இந்த ஜெயமோகன்?

1962-ல் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவர். தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 1990-ல் ‘ரப்பர்’, 1997-ல் ‘விஷ்ணுபுரம்’ நாவல்கள் வந்தன. 2005-ல் லோகிததாஸ் இயக்கிய ‘கஸ்தூரி மான்’ மூலம் சினிமாவுக்கு வந்தார். இவரது ‘ஏழாம் உலகம்’ நாவலிலிருந்து பாலாவின் ‘நான் கடவுள்’ உருவானது. ‘துணைவன்’ சிறுகதை ‘விடுதலை’ ஆனது. சினிமாவில் பிஸியாக இருந்தபோதே, 2014 முதல் 2020 வரை மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என 26 நாவல்களாகத் தன் இணையதளத்தில் தினமும் எழுதினார்.

ஊட்டிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

ஊட்டி ஃபெர்ன்ஹில் நாராயண குருகுலத்தில் வாழ்ந்த நித்ய சைதன்ய யதியை ஜெயமோகன் தன் குருவாகச் சொல்கிறார். யதி 1999-ல் மறைந்தார். அவர் நினைவாக ஊட்டியில் இலக்கிய முகாம்களையும் ஜெயமோகன் நடத்தியிருக்கிறார்.

அந்தக் கதையில் என்ன இருக்கு?

2011-ல் எழுதிய ‘யானை டாக்டர்’. நாயகன், முதுமலை, டாப்சிலிப் முகாம்களில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த நிஜ மனிதர், டாக்டர் வி.கிருஷ்ணமூர்த்தி. டூரிஸ்ட்கள் வீசிய பாட்டில் உடைந்து யானையின் காலில் ஏறுகிறது. அதன் எடையே சில்லை இன்னும் உள்ளே தள்ளும். புண் சீழ் பிடிக்கும். நடக்க முடியாத யானைக்குத் தீனியும் இல்லை, தண்ணீரும் இல்லை. கடைசியில் சாவுதான்.

கதை நிஜமானது எப்படி?

நீலகிரி காடுகளில் பாட்டில்கள் குவியும் பிரச்னை சென்னை ஐகோர்ட் வரை போனது. கோர்ட் தலையீட்டால், 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு ₹10 கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் இது போனது.

சர்ச்சை ஏன்?

2024-ல் கொடைக்கானல் குணா குகையை மையமாகக் கொண்ட ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ ஹிட்டானது. குடித்துவிட்டு அத்துமீறுவதை அந்தப் படம் கொண்டாடுகிறது என ஜெயமோகன் கடுமையாக எழுதினார். மலையாளிகளையே மொத்தமாக இழிவுபடுத்திவிட்டார் என எதிர்ப்பு கிளம்பியது.

அவர் பயன்படுத்திய சொற்கள் மீதான விமர்சனத்துக்கு நியாயம் உண்டு. ஆனா, அந்த விவாதத்தில் பாட்டில் பிரச்னை காணாமல் போனதுதான் நஷ்டம். ₹10 திட்டம், கடைக்குத் திரும்பி வரும் பாட்டிலைத்தான் பார்த்துக்கொள்ளும். மசினகுடி ரோட்டோரம் கார் ஜன்னலிலிருந்து பறக்கும் பாட்டிலுக்கு எந்தக் கவுன்ட்டரும் இல்லை. அதை யானையின் கால்தான் கண்டுபிடிக்கும்.