உறுதி தொலைஞ்சால் காணி தொலையுமோ?

"ஒண்டும் செய்யேலாது தம்பி, ஃபோர்மற் அடிக்கத்தான் வேணும்." யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் வைத்திருக்கிற எல்லாரும் இந்த வசனத்தை ஒருக்காவது கேட்டிருப்பீர்கள். காய்ச்சலுக்குப் பனடோல் மாதிரி. மெஷின் ஸ்லோ எண்டாலும் ஃபோர்மற், வைரஸ் எண்டாலும் ஃபோர்மற். இந்த வசனத்தோடு எங்களுக்குக் கோபம் இருக்கிறது.

எங்கள் நண்பன் ஒருவனின் லப்டொப்பில் ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் உபுண்டு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த முதியவர்கள் தங்கள் ஊர், கிணறு, தோட்டம் பற்றிக் கதைத்த 14 ஒலிப்பதிவுகள் உபுண்டுப் பக்கத்தில் இருந்தன. விண்டோஸ் மக்கர் பண்ணுது எண்டு கடையில் குடுத்தான். பின்னேரமே திருப்பித் தந்தார்கள். "சும்மா கிடந்த இடத்தையும் டி ட்ரைவோட சேர்த்துவிட்டிருக்கு, கொஞ்சப் படமும் போட்டிருக்கு தம்பி." படம் இலவசம்.

அந்தச் 'சும்மா கிடந்த இடம்'தான் உபுண்டு. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷனை விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், ஃபோர்மற் பண்ணட்டோ என்று கேட்கும். கடைக்காரரும் அதையேதான் செய்தார்.

எங்கட ஆக்களுக்குக் காணிக் கணக்கில் சொன்னால் உடனே விளங்கும். பார்ட்டிஷன் டேபிள் என்பது காணி உறுதி மாதிரி. பழைய எம்பிஆர் முறையில் அது டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள் வெறும் 64 பைட். எந்தக் காணி எங்கே தொடங்குது, எவ்வளவு நீளம் என்பது மட்டுந்தான் அதில் இருக்கும். புதிய ஜிபிடியில் அதன் பிரதி ஒன்று டிஸ்கின் கடைசியிலும் இருக்கும். பார்ட்டிஷனை அழித்தால் கிழிவது உறுதிதான். வீடும் கிணறும் அங்கேயே நிற்கும், மேலே இன்னொருத்தர் வீடு கட்டும்வரை.

ஆகவே முதல் வேலை மெஷினை நிப்பாட்டுவது. அந்த டிஸ்கில் ஒண்டும் எழுதக்கூடாது. பென்ட்ரைவில் லைவ் லினக்ஸ் போட்டு, டிடிரெஸ்க்யூவால் முழு டிஸ்கையும் வேறொரு டிஸ்குக்குப் பிரதி எடுத்து, பிரதியில்தான் கை வைக்கவேண்டும். பிறகு டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள். டிஸ்கை அங்குலம் அங்குலமாகத் தேடி, பழைய கிணற்றுக்கட்டைப் பார்த்து இது ஆற்றை காணி எண்டு சொல்லும். எங்களுக்கும் சொன்னது. ஆனால் டி ட்ரைவ் அதன்மேல் விரிக்கப்பட்டிருந்ததால் பழைய எல்லையைத் திருப்பி எழுதவில்லை. 'பி' அமத்திக் கோப்புகளைப் பார்த்து, 'சி' அமத்தி வேறு டிஸ்குக்கு எடுத்தோம். எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அதில் ஃபோர்மற் அடித்தால் ட்ரிம் கட்டளை தடயத்தையும் துடைத்துவிடும்.

கடைக்காரர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. மேசையில் பத்து மெஷின், எல்லாருக்கும் பின்னேரமே வேணும். ஆனால் "உள்ளுக்கு என்ன இருக்கு?" எண்டு கேட்க அரை நிமிஷம் போதும். 2024 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட் ஒன்றால் இரட்டை பூட் மெஷின்கள் பலவற்றில் லினக்ஸ் ஏறவில்லை. கோப்பு ஒன்றும் அழியவில்லை, செக்யூர் பூட்டில் வந்த சிக்கல் மட்டுமே. அதற்கும் ஃபோர்மற் அடித்தவர்களுக்கு என்ன சொல்வது?

எங்களுக்கும் ஒரு கேள்வி. 97,000 நூல்கள் எரிந்த கதையை ஒவ்வொரு யூன் 1இலும் படத்தோடு பகிர்கிறோம். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் 14 பதிவுகளுக்கும் இரண்டாவது பிரதி ஏன் எங்களிடம் இருக்கேல்லை? வெட்கக்கேடு.

பதினொன்று முழுசாக வந்தன. மூன்றின்மேல் படங்கள் ஏறிவிட்டன. அதில் இரண்டு பேரிடம் திரும்பப் போய்ப் பதியலாம். மூன்றாவது ஆச்சி போன மாசி மாதம் மோசம் போய்விட்டா.