மருந்தடிக்கிறதுக்கு முந்தின நாள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மக்காச்சோளத்துக்குப் படைப்புழு மருந்து அடிக்கும்போது பலர் மூக்குல துண்டு கட்டுறாங்க. நல்லதுதான். ஆனா மருந்து அதிகமா உள்ள போறது தோல் வழியா. டேங்க் ஒழுகி முதுகு நனைஞ்சா துண்டு என்ன செய்யும்?

2017-ல மகாராஷ்டிரா யவத்மால்ல பருத்திக்கு மருந்தடிச்சு 20 பேருக்கு மேல இறந்தாங்க. அந்த வருஷம் செடி ஆள் உயரம். நம்ம சோளமும் அப்படித்தான் வளருது.

முந்தின நாளே வெறும் தண்ணி ஊத்தி டேங்க் ஒழுகுதான்னு பாருங்க. கையுறை, முழுக்கைச் சட்டை, சோப்பு, ரெண்டு குடம் தண்ணி தயாரா இருக்கணும். இதை வாங்க வேண்டியது கூலிக்கு அடிக்கிறவர் இல்ல, காட்டுக்காரர். மருந்துச் செலவுல இதுவும் சேர்த்தி.

வாந்தி, எச்சில் ஒழுகுறது, பார்வை மங்குறதுன்னா உடனே சட்டையைக் கழட்டி, சோப்பு போட்டுக் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்க. மருந்து டப்பாவையும் கையோட எடுத்துட்டு வாங்க. என்ன மருந்துன்னு அதுலதான் இருக்கு.