இரவில் எழுப்புவது யார்?



இந்த வாரம் எழுத எடுத்துக்கொண்ட காரியத்தைப் பிரசங்கபீடத்தில் யாரும் பேசுவதில்லை. இரவில் சிறுநீர் கழிக்க இரண்டு மூன்று முறை எழுந்து, பின்பு உறக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்கும் பாட்டைத்தான் சொல்கிறேன். முழங்கால் வலிக்கும் கண்புரைக்கும் ஜெபக்குறிப்பு எழுதித் தருகிறீர்கள். இதற்காக ஒரு சீட்டும் இதுவரை என் கைக்கு வந்ததில்லை. வெட்கப்படுகிறோம்.

முதலில் என் தவற்றை அறிக்கையிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு மணி, மூன்று மணி, நாலரை மணி என்று எழுந்துகொண்டிருந்தேன். எழுந்தபோதெல்லாம் முழங்காற்படியிட்டேன், அதில் குறையில்லை. ஆனால் சாமுவேலை அழைத்ததுபோல ஆண்டவர் என்னையும் இரவில் எழுப்புகிறார் என்று ஒரு ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொன்னேன். சிலர் கண்கலங்கினீர்கள். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "ஆண்டவர் எழுப்பினால் நேரே ஜெபிக்கத்தானே போக வேண்டும்? நீங்கள் முதலில் குளியலறைக்கல்லவா ஓடுகிறீர்கள்! இரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிட்டு வாருங்கள்" என்றாள். பார்த்தேன், இருந்தது. இரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரையைச் சிறுநீரகம் தண்ணீரோடு சேர்த்தே வெளியேற்றுகிறது. மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் தொடங்கிய சில மாதங்களில் மூன்று முறை என்பது ஒரு முறையானது. சாட்சியின் இந்தப் பிற்பகுதியை நான் உங்களுக்குச் சொல்லவேயில்லை. சாமுவேலும் மூன்று முறை தவறான இடத்துக்கே ஓடினான் என்பது எனக்கு அன்று நினைவுக்கு வரவில்லை.

சரீரம் சொல்லும் செய்தியை அவசரப்பட்டு ஆவிக்குரியதாக்குவது நல்லதல்ல என்பதே என் எண்ணம். "வயதானால் அப்படித்தான்" என்று தள்ளிவிடுவதும் அதற்கு இணையான தவறு. இரவில் ஒரு முறை எழுவது பலருக்கும் உள்ளது. இரண்டோ அதற்கு மேலோ ஆகி உறக்கம் கெடுகிறதென்றால் காரணம் தேட வேண்டும். ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கலாம். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றங்களோ சிறுநீர்ப்பையின் தொற்றோ இருக்கலாம். பகலெல்லாம் நின்று வேலை செய்கிறவர்களின் கால்களில் தேங்கும் நீர், படுத்தவுடன் இரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீராக இறங்கும். அப்படிப்பட்டவர்கள் பிற்பகலில் சற்று நேரம் கால்களை உயர்த்தி வைத்தால் பலன் உண்டு. குறட்டையை நாம் வேடிக்கையாகவே பேசுகிறோம். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு இருதயம் சுரக்கும் ஒரு பொருளே சிறுநீரைப் பெருக்குகிறது என்பது எனக்கே புதிய செய்தி. இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்கிறவர்கள், அதை எந்த வேளையில் எடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்; நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

நம் சபைப் பெரியவர் ஒருவர் தாமே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். மதியத்துக்குமேல் தண்ணீரே குடிப்பதில்லை. சித்திரை வெயிலில் தலைசுற்றி விழுந்தபிறகே வீட்டாருக்கு விஷயம் தெரிந்தது. பகலில் தாராளமாகக் குடியுங்கள். படுக்கப்போகுமுன் இரண்டு மூன்று மணி நேரம் குறைத்துக்கொண்டால் போதும். காப்பியும் தேநீரும் மாலையோடு நிற்கட்டும். மருத்துவரிடம் போகுமுன், மூன்று நாள் எப்போது எவ்வளவு குடித்தீர்கள், எப்போது எவ்வளவு கழித்தீர்கள் என்று ஓர் அளவுக் குவளையை வைத்துக்கொண்டு எழுதுங்கள். வாயால் சொல்லக் கூசுவதை அந்தத் தாள் சொல்லிவிடும். சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, எரிச்சலோடு காய்ச்சல் வந்தாலோ, முட்டிக்கொண்டு வெளிவராமல் போனாலோ நாள் கடத்தாமல் அன்றே போங்கள்.

எழும்போது உடனே நிற்காமல் கட்டில் விளிம்பில் சற்று உட்காருங்கள். வழியில் சிறு விளக்கு எரியட்டும். இருட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களை மருத்துவமனையில் சந்தித்து ஜெபித்திருக்கிறேன். அவர்களில் சிலர் மறுபடி நடக்கவில்லை. திரும்பப் படுத்தபின் கடிகாரத்தையும் கைப்பேசியையும் பார்க்காதீர்கள்.

உறக்கம் கெட்டால் விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று சிலர் கலங்குகிறார்கள். சூரைச்செடியின்கீழ் சாக விரும்பிப் படுத்த எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். அவன் சாப்பிட்டு மறுபடியும் உறங்கினான். பிரயாணத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகே வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரசங்கத்தின் நடுவே எழுந்து வெளியே போகிறவர்களை நான் பேச்சை நிறுத்திப் பார்த்ததுண்டு. அதற்கு அஞ்சியே ஒரு தாயார் பல மாதங்களாகத் திருவிருந்துக்கு வரவில்லை என்று அண்மையில்தான் அறிந்தேன். அவர்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். இனி கதவோரத்துக் கடைசி இரண்டு வரிசைகள் அப்படிப்பட்டவர்களுக்கே. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பதினொரு மணிக்குப் பத்து நிமிட இடைவேளை விடப்படும். ஆலயத்தின் பின்புறக் கழிப்பறைக்குப் போகும் வழியில் இந்த வாரமே விளக்குப் போடுகிறார்கள்.