அட்டைக் குதிரையும் உயிர்க் குதிரையும்

ஆண்டு விழா மேடையில் வேலு நாச்சியாரோ ஜான்சி ராணியோ தோன்றாத ஆண்டு நம் பள்ளியில் அரிது. அட்டையில் வெட்டிச் சாயம் பூசிய குதிரையை இடுப்பில் கட்டிக்கொண்டு, தகர வாளைச் சுழற்றியபடி ஒரு சிறுமி மேடையைச் சுற்றி வருவாள். பெற்றோராகிய நாங்கள் கை வலிக்கத் தட்டுவோம். அதே சிறுமி மறுநாள், "உண்மைக் குதிரையில் ஏறக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று கேட்டுவிட்டால் வீடு கொந்தளித்துப் போகிறது. பாட்டி "பெண் பிள்ளைக்கு ஏனடி இந்த வேலை?" என்கிறார். அத்தை, கை முறிந்தவர் கால் முறிந்தவர் கதைகளையெல்லாம் தேடிப் பிடித்துச் சொல்கிறார். அப்பா மாதக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுச் செய்தித்தாளுக்குள் மறைந்துகொள்கிறார்.

இந்தப் பள்ளியில் பயிலும் நான்கு மாணவியர் சென்ற ஆண்டு முதல் நகருக்கு வெளியே உள்ள ஒரு குதிரையேற்ற மன்றத்தில் பயின்று வருகிறார்கள். அவர்களுடைய பெற்றோராகிய நாங்கள் கூடிப் பேசி எழுதும் கட்டுரை இது. பெண் குழந்தைகள் குதிரையேற்றம் பயில வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் அந்த முதல் நாளைக் கடப்பதற்குள் பெற்றோர் படும் பாட்டை மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் முறை.

முதல் தடை, மன்றத்தின் வாசல். பந்து விளையாட்டு என்றால் மைதானத்துக்குப் போய் நின்றால் போதும். யாராவது ஒருவர் சேர்த்துக்கொள்வார். இங்கே விண்ணப்பத் தாள், உறுப்பினர் இருவரின் பரிந்துரை, நுழைவுத் தொகை என்று ஒவ்வொன்றாக நீளும். நாங்கள் விசாரித்த ஓர் இடத்தில் பிள்ளையின் வயதைக் கேட்பதற்கு முன்பே தகப்பனாரின் பதவியைக் கேட்டார்கள். அது எங்களுக்குப் பிடிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம். நிற்க. எல்லா இடமும் அப்படியல்ல. உறுப்பினர் ஆகாமலேயே பயிற்சிக்கு மட்டும் கட்டணம் செலுத்திச் சேரும் வழி சில மன்றங்களில் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள். ஆகவே வாய் திறந்து, தமிழிலேயே, கேளுங்கள்.

அடுத்தது பணம். கட்டணம் அதிகம்தான், இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஏன் அதிகம் என்பதைப் பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் தெரிந்துகொள்வது நல்லது. நானூறு கிலோ எடையுள்ள ஒரு குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 8 கிலோ தீவனம் வேண்டும். கோடையில் 40 லிட்டர் தண்ணீர் கூடக் குடிக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவி லாடம் மாற்ற வேண்டும். தேர்வுக் காலத்தில் நம் பிள்ளை பயிற்சிக்குப் போகாவிட்டாலும், மழையில் மைதானம் சேறாகிக் கிடந்தாலும் குதிரையின் வயிறு விடுமுறை எடுப்பதில்லை. இன்னொன்று: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கெட்டுப்போன தீவனம் உள்ளே போய்விட்டால் மேலே வர வழியில்லை. வயிற்று வலியே அதன் உயிரைப் பறித்துவிடும். எனவே மலிவான தீவனத்தில் மிச்சம் பிடிக்கும் லாயத்தில் பிள்ளையைச் சேர்ப்பதில் பயனில்லை. கட்டணம் குறைவு என்று கேள்விப்பட்டால் முதலில் குதிரையின் விலா எலும்பைப் பாருங்கள்.

உபகரணங்கள் விஷயத்தில் பெற்றோர் பதற்றப்படத் தேவையில்லை. முட்டி வரை நீண்ட தோல் காலணி, கையுறை, பளபளக்கும் சட்டை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொளதொளப்பில்லாத நீளக் காற்சட்டையும், சிறிது குதிகால் உயர்ந்த, கணுக்காலை மூடும் காலணியும் போதும். அந்தக் குதிகால் அழகுக்காக அன்று. பாதம் அங்கவடிக்குள் முழுவதும் நுழைந்து மாட்டிக்கொள்ளாமல் தடுப்பது அதுதான். விழுவதைவிட, கால் மாட்டிக்கொண்டு இழுபடுவதே பெரிய ஆபத்து. ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது: தலைக்கவசம். குதிரையேற்றத்துக்கென்றே செய்யப்பட்டது வேண்டும். அண்ணனின் சைக்கிள் கவசமோ அப்பாவின் மோட்டார் சைக்கிள் கவசமோ உதவாது. பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். லாயத்து மண்ணில் காயம் பட்டால் தசைவிறைப்பு நோய் வரக்கூடும் என்பதால் தடுப்பூசி அட்டையையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

சேர்க்கும் முன் ஒரு நாள் சும்மா போய் ஓரமாக நின்று வேடிக்கை பாருங்கள். புதிதாக வந்த குழந்தையை நீண்ட கயிற்றில் கட்டிய குதிரை மேல் உட்காரவைத்து, பயிற்சியாளர் நடுவில் நின்று வட்டமாகச் சுற்றவைக்கிறாரா, அல்லது முதல் நாளே கடிவாளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறாரா? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள்? பெண்கள் உடை மாற்றக் கதவுள்ள அறை இருக்கிறதா? பயிற்சி முடியும் வரை பெற்றோர் இருக்கலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் சுளிப்பவர்களிடம் எங்கள் பெண்களை நாங்கள் விடமாட்டோம்.

சேர்த்தாகிவிட்டது, பிறகு பெற்றோரின் பொறுமைக்குத்தான் சோதனை. முதல் இரண்டு மூன்று வாரங்களில் பிள்ளை குதிரையில் பறந்து வரும் காட்சியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். தேய்ப்பதும், குளம்பில் அடைந்த மண்ணைக் கொக்கியால் எடுப்பதும், சாணம் அள்ளுவதுமாகவே பாதி நேரம் போகும். "இதற்கா பணம் கட்டினோம்?" என்று ஒரு தந்தை முணுமுணுத்தார். (அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, இந்தக் கட்டுரையில் அவருக்கும் பங்குண்டு.) ஆனால் கற்பது அங்கேதான் தொடங்குகிறது. குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறையத் தன்னைச் சுற்றிலும் பார்க்கும். நேர் பின்புறமும் மூக்குக்கு நேர் முன்னும்தான் தெரியாத இடங்கள். அதனால்தான் தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே நெருங்க வேண்டும். காதுகள் இரண்டும் பின்னால் ஒட்டிப் படிந்தால் கோபம். சேணவாரை இறுக்கும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பி வைத்துக்கொள்ளும். ஏறுவதற்கு முன் இன்னொரு முறை இறுக்காவிட்டால் சேணம் புரண்டுவிடும். பதினொரு வயதுப் பெண் ஒருத்தி இதையெல்லாம் கவனித்து, தன்னைவிடப் பத்து மடங்கு எடையுள்ள ஓர் உயிரைக் கத்தாமல், அடிக்காமல் தன் சொற்படி நடக்கவைக்கிறாள். இதற்கு ஈடான பாடம் எங்களுக்குத் தெரிந்த வேறெந்த வகுப்பிலும் இல்லை. வேலிக்கு வெளியே நின்று, "முதுகை நிமிர்த்து! கீழே பார்க்காதே!" என்று கூவும் பெற்றோர் மட்டும் இந்தப் பாடத்தைக் கெடுத்துவிடுவார்கள். குதிரை அவர்கள் பக்கம் ஒரு காதைத் திருப்பும். பிள்ளை இரண்டு காதையும் திருப்புவாள்.

விழமாட்டாளா என்று கேட்கிறீர்கள். விழுவாள். எங்கள் நால்வரில் இருவர் விழுந்தாயிற்று. ஒருத்திக்கு முழங்கையில் சிராய்ப்பு, மற்றவளுக்கு மூன்று நாள் கோபம். புனித பவுல் தமஸ்கு சாலையில் குதிரையிலிருந்து விழுந்ததாகப் படங்களில் பார்த்திருக்கிறோம். திருத்தூதர் பணிகள் நூலைப் புரட்டினால் அவர் தரையில் விழுந்தார் என்றுதான் இருக்கிறது. குதிரையைச் சேர்த்தவர்கள் ஓவியர்கள். பெற்றோரின் பயமும் அந்த ஓவியர்களைப் போலத்தான், இல்லாத குதிரைகளையும் சேர்த்துக்கொள்கிறது. ஆபத்து இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மேலே சொன்ன கவசமும் காலணியும் கயிறும் ஆபத்து உண்டு என்பதற்காகத்தான்.

இனி, பலர் மனத்தில் இருந்தும் வாய்விட்டுப் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் நம் பெண்கள் ஓசைப்படாமல் விளையாட்டிலிருந்து விலக்கப்படுகிறார்கள். குதிரையேற்றத்தில் இது இன்னும் விரைவாக நடக்கிறது. காற்சட்டை அணிகிறாளே, காலை இருபுறமும் போட்டு உட்காருகிறாளே, நாளைக்கு வரன் தேடும்போது யாரேனும் ஏதேனும் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று உறவினர் கேட்கிறார்கள். ஐரோப்பாவிலும் சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை கௌரவமான பெண்கள் ஒருக்களித்து உட்கார்ந்துதான் சவாரி செய்தார்கள். இரு கால்களையும் ஒரே பக்கம் தொங்கவிடும் சேணமே அதற்கென இருந்தது. ஆனால் தொம்ரெமி கிராமத்துக் குடியானவர் மகள் ஜோன் அதற்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆண் உடை தரித்துப் போர்க்குதிரை ஏறினாள். 1431இல் அவளைத் தீயிலிட்டவர்கள் சுமத்திய குற்றங்களுள் அந்த உடையும் ஒன்று. அதே ஜோனைத்தான் 1920இல் திருச்சபை புனிதையாக உயர்த்தியது. நம் பள்ளியில் அவள் பெயரைத் தாங்கிய பெண்கள் எத்தனை பேர்! பெயரை மட்டும் வைத்துவிட்டுக் குதிரையை மறுப்பது என்ன நியாயம்?

ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே களத்தில் எதிரெதிராகப் போட்டியிடும் விளையாட்டு இது. 1948 வரை ராணுவ அதிகாரிகளுக்கே உரியதாக இருந்த சீர்நடைப் போட்டி, 1952 ஹெல்சிங்கியில்தான் பெண்களுக்குத் திறந்தது. அந்த முதல் வாய்ப்பிலேயே டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர் அவர்; குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் தூக்கிவிட வேண்டியிருந்தது. 1956இலும் அவருக்கு வெள்ளி. நம் நாட்டில், 1982 டில்லி ஆசிய விளையாட்டுக்குப் பிறகு 41 ஆண்டுகள் குதிரையேற்றத்தில் தங்கம் இல்லை. 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோவில் அந்தத் தங்கத்தைக் கொண்டுவந்த நால்வரில் இருவர் பெண்கள்: சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங். இதைச் சொல்வதால் ஒவ்வொருத்தியும் பதக்கத்துக்குப் போக வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள். அந்தச் செலவு நம்மில் யாருக்கும் எட்டாது. பன்னிரண்டு வயதில் அவர்களை யாரும் இறக்கிவிடவில்லை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

எங்கள் மனத்தை உறுத்தும் இன்னொன்று, லாயத்துக் குதிரைக்காரர்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் கொள்ளு ஊறவைத்து, குதிரையைத் தேய்த்து, சேணம் பூட்டி, பிள்ளையை ஏற்றிவிட்டுக் கூடவே ஓடுபவர் அவர்தான். சேணவாரின் இரகசியத்தை எங்கள் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான், பயிற்சியாளர் அல்லர். ஆனால் எட்டு வயதுச் சிறுவன் அவரைப் பெயர் சொல்லி, "டேய், இங்கே வா" என்று அழைப்பதைக் கேட்டோம். அவன் பெற்றோர் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். எங்கள் பெண்கள் அவரை "அண்ணா" என்று அழைக்கிறார்கள். அழைக்காவிட்டால் மறுநாள் பயிற்சி இல்லை என்று சொல்லித்தான் அனுப்பினோம். அவருடைய மகள் சேணமே இல்லாமல் குதிரையேறுவாள். அவளுக்கு மன்றத்தில் சான்றிதழும் இல்லை, தலைக்கவசமும் இல்லை.

"பணக்காரர் விளையாட்டை நம் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டுமா? கட்டணச் சலுகையில் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!" என்று ஓர் அருட்சகோதரி எங்களைக் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பதில் இதுதான்: மெரினா மணலில் ரோந்து போகும் காவல்துறைக் குதிரைகளைப் பார்த்து மயங்காத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? ஆசை வருமானம் பார்த்து வருவதில்லை. தேசிய மாணவர் படையிலும் குதிரைப் பிரிவு உண்டு. கால்நடை மருத்துவம் படிக்க விரும்பும் பெண் ஒரு நாள் அங்கே போய் நிற்கலாம். அதற்கு முன் ஒரு முறையேனும் குதிரையைத் தொட்டிருப்பது நல்லதல்லவா? எனவே பத்துப் பேர் சேர்ந்தால் இருவருடைய கட்டணத்தை மற்ற எண்மரின் பெற்றோர் பகிர்ந்துகொள்வது என்று எங்களுக்குள் முடிவு செய்திருக்கிறோம். அந்த இருவர் யார் என்பது தலைமையாசிரியைக்கு மட்டும் தெரிந்தால் போதும். பத்துத் தலைக்கவசங்களையும் பள்ளியின் பொதுச் சொத்தாக வாங்கி வைக்கலாம். பதினோராவது கவசம் அந்த அண்ணனின் மகளுக்கு; அதை நாங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டோம்.

எஞ்சியிருப்பது ஞாயிற்றுக்கிழமைச் சிக்கல். மன்றத்தின் தொடக்க வகுப்பு ஞாயிறு காலை ஆறரை மணிக்கு. திருப்பலிக்கும் மறைக்கல்விக்கும் போக வேண்டிய நேரம் அது. மாலைத் திருப்பலி ஒன்றை வைத்துச் சமாளிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. சனிக்கிழமை காலையில் ஒரு தனி வகுப்பு நடத்தக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும் என்று மன்றச் செயலாளர் சொல்லியிருக்கிறார். இப்போது நாங்கள் நால்வர். வண்டிக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். தாய்மார் இருவர் முறை வைத்து உடன் வருவார்கள். விருப்பமுள்ள பெற்றோர் பள்ளி திறந்த முதல் வாரத்திற்குள் உடற்கல்வி ஆசிரியையிடம் பிள்ளையின் பெயர், வகுப்பு, எடை மூன்றையும் எழுதிக் கொடுக்கவும். எடை எதற்கென்று கேட்க வேண்டாம். குதிரையின் சார்பில் கேட்கிறோம்.